பாட்டும் பாரதமும் : ஓர் இசை வழக்கின் வரலாறு

ஒரு நாட்டுக்குக் கொடி உண்டு, இலச்சினை உண்டு, நாணயம் உண்டு. கொடியைக் கண்ணாற் காண்கிறோம். நாணயத்தைக் கையால் எண்ணுகிறோம். கண்ணை மூடிக்கொண்டிருக்கும்போதும் ‘இது நம் நாடு’ என்று காட்டுவது இசை ஒன்றே. ஆனால் எந்த இசை? தியாகராசர் கிருதியா, துருபத்தா, வங்கத்துப் பாவுல் பாட்டா, பஞ்சாபியர் பாங்கராவா, திரைப்படப் பாட்டா? ஒரு மொழியும் ஓர் இசையும் உடைய சிறு நாடுகளுக்கு இவ்வினா எழுவதில்லை. நம் பாரத நாட்டுக்கு எழுந்தது. எழுந்தது மட்டுமா? அமைச்சரவை வரை சென்று, வானொலி நிலையங்களின் வாயிற்கதவையும் அடைத்துத் திறந்தது. அந்த வழக்கின் வரலாற்றை நம் சங்கத்து அன்பர்கள் முன் வைக்கலாம் என்று எண்ணுகிறோம்.

நாம் இசைப் புலவர் அல்லோம். இரயில்வே சரக்கு அலுவலகத்தில் பேரேடு எழுதுவோர். எந்தச் சரக்கு எந்த நிலையத்தில் ஏறியது, எங்கே இறங்கியது என்று பார்த்துப் பழகிய கண் நமக்கு. இசையையும் அக்கண்ணாலேயே பார்க்கிறோம். வித்துவான்கள் பொறுத்தருள்வார்களாக.

முதலில் நாட்டுப் பண்ணையே எடுத்துக்கொள்வோம். இரவீந்திரநாத தாகூர் இயற்றிய ‘ஜன கண மன’ 1911-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் நாள் கல்கத்தாக் காங்கிரசு மாநாட்டில் முதன்முதலாகப் பாடப்பட்டது. 1919-இல் தாகூர் மதனப்பள்ளிக்கு வந்து தங்கியிருந்தபோது, அங்கிருந்த கல்லூரியில் அதன் ஆங்கில ஆக்கத்தை எழுதினார். அக்கல்லூரி முதல்வரின் துணைவியாரும் மேலைநாட்டு இசை கற்றவருமான மார்கரெட் கசின்ஸ் அம்மையார் மெட்டைச் சுரக்குறிப்பாக எழுதி வைத்தார். மதனப்பள்ளி அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த ஊர் என்பதை நம்மவர் நினைவிற் கொள்ளலாம்.

விடுதலை வந்தது. 1947 ஆகஸ்டு 14 நள்ளிரவுக் கூட்டத்தில் சுசேதா கிருபளானி அம்மையார் பாடினார். ஆயினும் நாட்டுப் பண் இன்னதென முடிவாகவில்லை. அவ்வாண்டு நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை கூடியபோது, ‘உங்கள் நாட்டுப் பண் எது? எங்கள் வாத்தியக் குழுவினர் வாசிக்க வேண்டும்’ என்று நம் தூதுக் குழுவினரைக் கேட்டனர். கையில் இருந்தது ‘ஜன கண மன’வின் இசைத்தட்டு ஒன்று. அதைக் கொடுத்தனர். வாத்தியக் குழுவினர் கேட்டுப் பழகி வாசித்தனர். பிற நாட்டார் பலர் பாராட்டிச் சுரக்குறிப்புக் கேட்டனர். இந்நிகழ்ச்சியை 1948 ஆகஸ்டில் நேரு அவர்களே அரசியல் நிருணய சபையில் எடுத்துரைத்தார். நாட்டுப் பண்ணுக்குச் சொல்லைவிட மெட்டு இன்றியமையாதது, அது வாத்தியக் குழுவால் வாசிக்கத் தக்கதாய் இருத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து.

‘வந்தே மாதரம்’ பாடிச் சிறை சென்றோர் நெஞ்சில் இது தைத்தது. புனாவைச் சேர்ந்த மாஸ்டர் கிருஷ்ணராவ் என்னும் பெரும் பாடகர், ‘வந்தே மாதரமும் படை நடைக்கு ஏற்றதே’ என்று புது மெட்டமைத்து, பாண்டு வாத்தியத்தில் வாசிக்கச் செய்து காட்டினார். இறுதியில் 1950 சனவரி 24-ஆம் நாள் இராசேந்திர பிரசாத் அவர்கள் முடிவை அறிவித்தார்: ‘ஜன கண மன’ நாட்டுப் பண், ‘வந்தே மாதரம்’ அதற்கு நிகரான பெருமை உடையது. 52 வினாடிக்குள் முடியும் அப்பண் எழுதியவரால் வங்காளம், சொல்லால் வடமொழி மிகுந்தது, வாத்திய அமைப்பால் மேலை நாட்டுப் பாண்டு. மூன்றும் கலந்ததை நம் நாட்டுப் பிள்ளைகள் யாவரும் நெஞ்சை நிமிர்த்திப் பாடுகின்றனர். ஒருவரேனும் ‘இது கலப்படம்’ என்று சொல்லக் கேட்டதுண்டா?

கலப்பு நமக்குப் புதிதும் அன்று. முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) கோட்டைப் பாண்டுக்காரர் வாசித்த ஐரோப்பிய மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் செய்தார். அவற்றுள் ஒன்று இங்கிலாந்து அரசரை வாழ்த்தும் பண்ணின் மெட்டு. அவருடைய இளவல் பாலுசுவாமி தீட்சிதர் வெள்ளையரின் பிடிலைக் கற்று நம் பாட்டுக்குப் பக்கத்துணை ஆக்கினார். இன்று பிடில் இல்லாக் கச்சேரியைக் கச்சேரி என்று எவர் ஒப்புவர்? இருநூறு ஆண்டு மடியில் வைத்து வாசித்த பின் அது நம் வீட்டுப் பிள்ளை ஆயிற்று.

வடக்கும் தெற்கும் இசையால் ஒன்றை ஒன்று அறியச் செய்ததில் நம் இரயில் வண்டிக்குப் பங்குண்டு. இதைச் சொல்லாமல் விட்டால் நம் கை எழுதாது. 1904-ஆம் ஆண்டில் பம்பாய் வழக்கறிஞர் விஷ்ணு நாராயண் பாத்கண்டே தென்னாட்டுப் பயணம் புறப்பட்டார். சென்னை, தஞ்சை, மதுரை எனத் திரிந்து எட்டயபுரம் சேர்ந்து, அங்கே முதியவரான சுப்பராம தீட்சிதரைக் கண்டார். வேங்கடமகி வகுத்த 72 மேளகர்த்தாக்களின் அமைப்பைக் கற்றறிந்தார். பின்னாளில் இந்துஸ்தானி இராகங்களைப் பத்துத் தாட்டுகளாக அவர் வகுத்ததற்கு அத்தென்னாட்டு முறை தூண்டுகோல் ஆயிற்று. 1916-இல் பரோடாவில் அவர் முயற்சியால் முதல் அகில இந்திய இசை மாநாடு நடந்தது. வடக்கும் தெற்கும் கலந்து ஒரே தேசிய சங்கீதம் பிறக்க வேண்டும் என்பது அவர் கனவு. அக்கனவு பலிக்கவில்லை, பலிக்காததே நலம் என்பது நம் தாழ்ந்த கருத்து. இரண்டு நதி இருக்க, ஒரு வாய்க்கால் போதும் என்பானேன்?

நூல்வழி பாத்கண்டே செய்ததைக் குரல்வழி செய்தவர் உஸ்தாத் அப்துல் கரீம் கான். கிரானா வழியின் தலைவர். மைசூருக்கும் சென்னைக்கும் பலமுறை வந்து, கருநாடக இசையில் தோய்ந்து, சுரம் பாடும் முறையைத் தம் பாட்டில் ஏற்றுக்கொண்டார். தியாகராசர் கிருதியையும் இசைத்தட்டில் பாடினார். 1937 அக்டோபரில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு இரயிலில் சென்றுகொண்டிருந்தவர், வழியில் நெஞ்சு நோவு மிகுந்து சிங்கப்பெருமாள் கோயில் நிலையத்தில் இறங்கினார். மேடையிலேயே விரிப்பை விரிக்கச் செய்து, சுருதி சேர்த்து, இறைவனைப் பாடியபடியே உயிர் துறந்தார் என்பது வரலாறு. செங்கற்பட்டுக்கு முன் வரும் அச்சிறு நிலையத்தில் நம்முள் எத்தனையோ பேர் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது வண்டி நின்று புறப்படக் கண்டிருப்போம். வடநாட்டு முசுலிம் பாடகர் ஒருவர் பெருமாள் பெயர் தாங்கிய ஊரின் மேடையில் கடைசிப் பாட்டைப் பாடினார் என்று இனியேனும் சன்னல் வழியே அந்த மேடையைப் பாருங்கள்.

இனி வானொலிக்கு வருவோம். வழக்கு முற்றியது அங்கேதான். 1927-இல் பம்பாயிலும் கல்கத்தாவிலும் தனியார் நிறுவனம் ஒன்று ஒலிபரப்பத் தொடங்கி நொடித்துப்போக, அரசு ஏற்றுக்கொண்டு, 1936 சூன் 8 முதல் ‘அகில இந்திய வானொலி’ என்று பெயர் வைத்தது. சென்னை நிலையம் 1938-இலும் திருச்சி நிலையம் 1939-இலும் பிறந்தன. நிலையம் திறக்கும்போது விடியற்காலையில் ஒலிக்கும் அடையாள மெட்டை அறியாதார் இல்லை. தம்புரா மீட்ட, பிடில் இழைந்து வரும். அதைக் கேட்டவுடன் காபி மணமும் அடுப்படிச் சத்தமும் நினைவுக்கு வரும் குடும்பங்கள் நம் காலனியில் இன்றும் பல. சிவரஞ்சனியின் சாயல் கொண்ட அம்மெட்டை அமைத்தவர் வால்டர் காஃப்மன் என்னும் யூதர். 1907-இல் பொகீமியாவின் கார்ல்ஸ்பாடில் பிறந்து, இட்லர் ஆட்சிக்கு அஞ்சி 1934-இல் பம்பாய் வந்து ஏதிலியாய்த் தங்கியவர். வந்த புதிதில் நம் இசை அவருக்குச் சிறிதும் பிடிபடவில்லையாம். விடாமல் கேட்டார், கற்றார், பம்பாய் வானொலியில் மேலைநாட்டு இசைப் பொறுப்பேற்றார், பின்னாளில் அமெரிக்கா சென்று தென்னாட்டு இராகங்களைப் பற்றிப் பெரிய நூலே எழுதினார். இந்தியாவின் விடியல் ஓசையாய் மூன்று தலைமுறை கேட்ட மெட்டைத் தந்தவர் வீடிழந்து வந்த ஒரு விருந்தினர்!

அதே வானொலி ஆர்மோனியத்தை மட்டும் வாயிலிலேயே நிறுத்தியது. பாரிசில் பிறந்து, பாதிரிமாரோடு கப்பலேறி வந்த பெட்டி அது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்கத்தாவின் துவாரகநாத் கோஷ் காலால் மிதிப்பதை ஒழித்துக் கையால் துருத்தி அழுத்தும் வகையில் அதை மாற்றி அமைத்தார். தரையில் அமர்ந்து பாடும் நாட்டுக்குப் பொருந்திவிட்டது. நாடக மேடை, பசனை மடம், குருத்துவாரா, கவாலி எங்கும் பரவியது. கிட்டப்பாவின் கந்தர்வக் குரலுக்குக் காசி ஐயரின் ஆர்மோனியம் ஈடுகொடுத்ததை நம் பாட்டனார் தலைமுறை சொல்லிச் சொல்லி மாய்ந்தது. எதிர்த்தவர்களின் நியாயம் வேறு. ஒரு ஸ்தாயிக்கு அதன் கட்டைகள் பன்னிரண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒலி ஒன்றே. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் கமகம் அதில் எழாது. தோடியின் காந்தாரம் ஒரு கட்டையில் அடங்குமா? தாகூரும் அப்பெட்டியை வெறுத்தார். 1940 மார்ச்சு 1 முதல் வானொலியில் ஆர்மோனியம் தடை செய்யப்பட்டது. விடுதலைக்குப் பின்னும் தடை நீங்கவில்லை, 1971-இல்தான் தளர்ந்தது. 31 ஆண்டு! அத்தனை ஆண்டும் நாட்டின் தெருவெல்லாம் அதே பெட்டி ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. வழக்கு இன்னும் ஓயவில்லை என்பதற்குச் சான்றாக, 2022-இல் அகால் தக்தின் தலைமைப் பீடம் அமிர்தசரசுப் பொற்கோயிற் கீர்த்தனையினின்றும் ஆர்மோனியத்தை மூன்று ஆண்டுக்குள் விலக்கி நரம்பு வாத்தியங்களை மீட்க வேண்டும் என்று பணித்தது.

பெட்டியைத் தடுத்தது போகட்டும்; மனிதரையும் தடுத்தனர். விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில், சொந்த வாழ்வில் இழுக்கு உடையோர் என்று கருதப்பட்டோர்க்கு ஒலிவாங்கி இல்லை என்றொரு விதி வந்தது. வடநாட்டில் தும்ரியையும் தாத்ராவையும் தலைமுறை தலைமுறையாகக் காத்த பாடகியர் பலர் அவ்விதியால் வெளியே நின்றனர். காத்தவரை வெளியே நிறுத்திவிட்டுக் காக்கப்பட்டதை மட்டும் உள்ளே அழைத்த இச்செயலை நாம் எவ்வகையானும் மெச்ச இயலாது.

1952-இல் செய்தி ஒலிபரப்பு அமைச்சராகப் பொறுப்பேற்றவர் டாக்டர் பி. வி. கேஸ்கர். மராட்டியர், இந்துஸ்தானி இசை கற்றவர், பத்தாண்டு அப்பதவியில் இருந்தார். திரைப்படப் பாட்டு மக்களின் சுவையைக் கெடுக்கிறது, மேலைநாட்டுத் தாளத்தைத் திருடுகிறது என்பது அவர் உறுதி. படப்பாட்டுக்கு உரிய நேரம் குறைக்கப்பட்டது. படத்தின் பெயரைச் சொன்னால் விளம்பரம் ஆகும் என்று அதுவும் நின்றது. படத் தயாரிப்பாளர்கள் சினந்து தங்கள் பாட்டுகளை ஒலிபரப்பும் உரிமத்தை மீட்டுக்கொண்டனர். சில திங்களில் இந்திப் படப்பாட்டு அகில இந்திய வானொலியிலிருந்து ஏறத்தாழ மறைந்தது.

இதில் ஒரு வேடிக்கை. அதே 1952-இல்தான் ‘பைஜு பாவ்ரா’ படம் வெளிவந்தது. தான்சேனையும் அவனுக்கு எதிர்நின்ற பாடகனையும் பற்றிய கதை. இசையமைத்தவர் நௌஷாத். போட்டிப் பாட்டில் பின்னணி பாடியவர்கள் உஸ்தாத் அமீர் கானும் தத்தாத்ரேய விஷ்ணு பலுஸ்கரும். மால்கோன்ஸில் அமைந்த கண்ணன் பசனையை எழுதியவர் ஷகீல் பதாயூனி, பாடியவர் முகமது ரபி. சங்கீத சபையின் வாயிற்படியை மிதியாத இலட்சக்கணக்கானோர் கொட்டகையில் நாலணா கொடுத்து இராகம் கேட்டனர். வானொலியில் தள்ளுண்டது எதுவோ அதுவே பழைய இசையைத் தெருவுக்குக் கொணர்ந்தது.

மக்கள் என்ன செய்தனர்? முள்ளைத் திருகினர், கொழும்பு கிடைத்தது. இரண்டாம் உலகப் போரில் நேசநாட்டுப் படைகளுக்காக அமைத்த வலிய சிற்றலை ஒலிபரப்பி இலங்கையில் இருந்தது. 1952 டிசம்பரில் ‘பினாகா கீத்மாலா’ தொடங்கியது. அமீன் சயானியின் குரலுக்காகப் புதன்கிழமை இரவுகளில் வடநாட்டுத் தெருக்கள் காத்துக் கிடந்தன. தமிழ் கூறும் நல்லுலகுக்கோ அதே கொழும்பிலிருந்து மயில்வாகனனாரின் குரல். நேயர் விருப்பம் எழுதியே புகழ்பெற்ற ஊர் ஒன்றுண்டு: ஜும்ரி தலையா. பலர் அதைக் கற்பனை ஊர் என்றே எண்ணியிருந்தனர். அன்பர்களே, அது மெய்யான ஊர். மைக்கா வணிகத்தால் செழித்தது. இன்றைய சார்க்கண்டில் உள்ளது. பயணச்சீட்டு வேண்டுவோர் கோடர்மா சந்திப்புக்கு வாங்கலாம்.

ஐந்தாண்டு கழிந்தது. நேயர்கள் திரும்பவில்லை. 1957 அக்டோபர் 3-ஆம் நாள் அதே கேஸ்கரின் அமைச்சே ‘விவித பாரதி’யைத் தொடங்கிப் படப்பாட்டுக்கு மீண்டும் கதவு திறந்தது. கவிஞர் நரேந்திர சர்மா பொறுப்பேற்றார். அவர் எழுதி, அனில் பிஸ்வாஸ் இசையமைத்து, மன்னா டே பாடிய பாட்டு முதல் ஒலியாயிற்று. மூவரும் திரையுலகத்தாரே.

கேஸ்கரை எள்ளி நகையாடுவோர் மிகுதி. நாம் அவர்களோடு சேரோம். அவர் தடுத்ததில் தவறினாரேயன்றிக் கொடுத்ததில் குறைவைக்கவில்லை. சிற்றரசர்கள் மறைந்து, ஆதரவற்று நின்ற வித்துவான்கள் பலருக்கு வானொலியே அரசவை ஆயிற்று. 1952 சூலையில் தொடங்கிய தேசிய இசை நிகழ்ச்சி, சனிக்கிழமை இரவில் ஒருவாரம் இந்துஸ்தானி, மறுவாரம் கருநாடகம் என்று நாடெங்கும் ஒலித்தது. தேசிய வாத்தியக் குழு ஒன்று தில்லியில் அமைந்தது. வடக்கே இரவிசங்கர், தெற்கே டி. கே. ஜெயராமய்யர் அதை நடத்தினர். அந்நாளில் நாக்பூரிலும் கரக்பூரிலும் ஜாம்ஷெட்பூரிலும் வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் செம்மங்குடியையும் ஜி. என். பி.யையும் எங்கே கேட்டிருக்க முடியும்? சனிக்கிழமை இரவு ஒரு வீட்டு வானொலிப் பெட்டியைச் சுற்றி நான்கு வீட்டார் பாய் விரித்து அமர்ந்த கதையை நம் காலனி மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். பக்கத்து வீட்டு மராட்டியரும் வங்காளியரும் உடன் வந்து அமர்ந்தனராம். பாத்கண்டே கனவு கண்ட ஒற்றுமையில் ஒரு சிறு பங்கு அந்தப் பாயின் மேல் நடந்தேறியது.

தமிழகத்திலும் இவ்வழக்கு வேறு உருவில் நடந்தது. தமிழ்நாட்டு மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் எங்கே என்று கேட்டு, 1941-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாநாடு கூடியது. 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. எதிர்த்தோரும் ஆதரித்தோரும் பத்திரிகைகளில் மோதிக்கொண்டனர். இன்று தமிழ்ப் பாட்டில்லாத கச்சேரி அரிது. தெலுங்குக் கிருதியும் அழியவில்லை.

இவ்வளவும் எழுதக் காரணம் உண்டு. நம் சங்கத்திலேயே இவ்வழக்கு நடக்கிறது. ஆண்டு விழா மேடையில் மெல்லிசைக்கு இடம் கொடுக்கலாகாது, கருநாடக இசையும் பரதமும் போதும் என்பர் பெரியோர் சிலர். மெல்லிசை இல்லையேல் எங்கள் பிள்ளைகள் இன்ஸ்டிட்யூட் பக்கமே தலைகாட்ட மாட்டார்கள் என்பர் இளந் தாய்மார். நாம் கண்டது ஒன்று சொல்கிறோம். சென்ற ஆண்டு திரைப்பாட்டுப் பாடிய சிறுமியர் நால்வர் கையில் தாள் வைத்திருந்தனர். எட்டிப் பார்த்தால், தமிழ்ப் பாட்டைத் தேவநாகரியில் எழுதி வைத்திருந்தனர்! இங்கேயே பிறந்து இந்திப் பள்ளியில் படிப்பவர்கள். தமிழ் எழுத்து அறியார். ழகரம் மட்டும் பிசகாமல் வந்தது. பாட்டில் கேட்டுப் பழகிய ழகரம். அவர்கள் நாவில் தமிழ் நிற்பது இன்று அப்பாட்டுகளாலேதான். அதைப் பறித்துவிட்டு எதைக் கொடுக்கப்போகிறோம்? ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு நடத்தலாம். அவர்கள் பாடும் பாட்டையே முதற் பாடமாக வைக்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை: பதிவு செய்த இசையை ஓடவிட்டு வாயசைப்பது வேண்டா. மிருதங்கம் கற்கும் பிள்ளைகள் மூவர் காலனியில் இருக்கின்றனர். கித்தார் வாசிப்போரும் உளர். அவர்களே உடன் வாசிக்கட்டும்.

பின்னர் நடந்தவற்றை விரைந்து சொல்லி முடிப்போம். 1988 ஆகஸ்டு 15-ஆம் நாள் தூரதர்சனில் ஒரு பாட்டு வந்தது. பல மொழிகளில் ஒரே கருத்து, பைரவியின் மெட்டு, பீம்சேன் ஜோஷி தொடங்க, பாலமுரளி கிருஷ்ணா தமிழில் பாட, லதா மங்கேஷ்கரும் சேர்ந்தார். வாத்திய அமைப்பைச் செய்தவர் ஜாஸ் இசைஞர் லூயி பாங்க்ஸ். கச்சேரி வித்துவானும் படப் பாடகியும் ஒரே பாட்டில் நின்றதை எவரும் குறையாகச் சொல்லவில்லை. 1997-இல், விடுதலைப் பொன்விழாவின்போது, நம் ஏ. ஆர். ரகுமான் ‘வந்தே மாதரம்’ என்னும் இசைத்தொகுதியை வெளியிட்டார். பெரியோர் சிலர் முகம் சுளித்தனர். மாஸ்டர் கிருஷ்ணராவ் பாண்டில் வாசிக்கச் செய்த நாளிலும் அவ்வாறு சுளித்தவர் இருந்திருப்பர்.

சனவரி 29-ஆம் நாள் மாலையில் தில்லி விசய சௌக்கில் படை வாத்தியங்கள் முழங்கும் பாசறை திரும்பும் விழாவில், காந்தியடிகளுக்கு உவந்த கிறித்தவத் துதி ஒன்றின் மெட்டை நெடுங்காலம் வாசித்து வந்தனர். 2022-இல் அது நீக்கப்பட்டது. நீக்கியது சரியா என்று நாடே வழக்காடியது. அடிகள் விரும்பிய பாட்டை அயல்நாட்டது என்று கணக்கிட்டது நமக்கு உவப்பாக இல்லை. வெளியிலிருந்து வந்த பிடிலையும் காஃப்மனையும் ஏற்ற நாடு இது. அவ்வாண்டு அதற்கு மாற்றாக வந்த மெட்டு, 1962 சீனப் போரில் மாண்ட வீரர்க்காக 1963 சனவரி 27-இல் தில்லியில் நேருவின் முன் லதா அம்மையார் பாடியது. அதற்கு இசையமைத்தவர் சி. இராமச்சந்திரா. இந்திப் படங்களில் மேலைநாட்டுத் தாளங்களை அள்ளிப் புகுத்தினார் என்று அந்நாளில் பெயரெடுத்த இசையமைப்பாளர். 1952-இல் வானொலி வாயிலில் நிறுத்தப்பட்ட பாட்டுகளை அமைத்தோருள் அவரும் ஒருவர்.